பாயும் புலி வந்த வழி

கேள்வி: இந்திய தேசிய இராணுவத்தோடு சேர்த்துப் பேசப்படும் பாயும் புலிச் சின்னம் சோழர் கொடியிலிருந்து வந்ததா, ஜெர்மன்காரர்கள் கொடுத்ததா? நேதாஜி வழங்கிய பதக்கங்களில் குறுக்கு வாள்கள் ஏன்?
– வாசகர், கூலாய், ஜொகூர்

பதில்: அந்தப் புலி பிறந்த இடம் ஜெர்மனி; ஆனால் அதை ஜெர்மன்காரர்கள் கொடுத்ததாகச் சொல்ல முடியாது. வட ஆப்பிரிக்கப் போர்முனையில் ஜெர்மன் தளபதி ரோமலின் படையிடம் கைதான இந்தியச் சிப்பாய்களைத் திரட்டி, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியில் ஒரு படையணி அமைத்தார். ஏறத்தாழ 3,000 பேர் கொண்ட அந்த அணிக்கு ஜெர்மன் இராணுவம் 950ஆம் காலாட்படை ரெஜிமெண்ட் என்று எண் கொடுத்தது. துப்பாக்கி மவுசர், சீருடை ஜெர்மானியம், சட்டையின் மார்பில் ஜெர்மன் கழுகு. சீக்கியர்களுக்குத் தலைப்பாகை அனுமதிக்கப்பட்டது. வலது மேற்கையில் மட்டும் கேடய வடிவில் ஒரு துணிச்சின்னம் தைக்கப்பட்டிருந்தது: காவி, வெள்ளை, பச்சை என மூன்று பட்டைகள், குறுக்கே பாயும் புலி, மேலே ஜெர்மன் மொழியில் 'சுதந்திர இந்தியா' என்ற எழுத்து. தன் படையில் சேர்ந்த பிற நாட்டார்க்கெல்லாம் இப்படி நாட்டுப் பெயரும் நிறமும் கொண்ட கைச்சின்னம் தருவது ஜெர்மன் இராணுவத்தின் வழக்கம். ஆகவே கேடயமும் எழுத்தும் அவர்களுடைய முறை. அதற்குள் எந்த உருவம் வரவேண்டும் என்பது இந்தியர்களின் தேர்வு.

பதக்கங்களிலும் இதையே காணலாம். போரில் காட்டிய வீரத்துக்கு வாளோடும், மற்றப் பணிகளுக்கு வாள் இல்லாமலும் ஒரே விருதை இரு வகையாக வழங்குவது பிரஷ்ய மன்னர் காலத்துப் பழக்கம். ஜெர்மனி 1939இல் ஏற்படுத்திய போர்ச்சேவைச் சிலுவையும் அப்படி இரு வகையாகவே வந்தது. பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தில் இந்த முறை கிடையாது. போஸ் 1942இல் அறிவித்த விருதுகள் வியன்னாவில் ருடால்ஃப் சூவால் பட்டறையில் செய்யப்பட்டன. வாள் ஒட்டிக்கொண்டது அந்த வழியில்தான். பெயர்களோ ஷேர்-ஏ-ஹிந்த், சர்தார்-ஏ-ஜங், வீர்-ஏ-ஹிந்த், ஷஹீத்-ஏ-பாரத். இவற்றில் ஒன்றுகூட ஐரோப்பியச் சாயல் கொண்டதல்ல.

சோழர் புலி என்ற கருத்து நம்மவர்களுக்கு இனிக்கும். மலாயாத் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய இராணுவத்துக்குப் போனவர்களில் தமிழர்களே மிகுதி. ஜொகூர் பால்மரக் காடுகளும் ஆள் அனுப்பின. அந்தத் தியாகத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது, பேசவும் கூடாது. ஆனால் காலக்கணக்கு இடிக்கிறது. போஸ் நீர்மூழ்கிக் கப்பலில் ஜெர்மனியை விட்டுப் புறப்பட்டது 1943 பிப்ரவரியில். சிங்கப்பூரில் இறங்கியது ஜூலை 2ஆம் தேதி. புலிச் சின்னம் அதற்கு முன்பே ஐரோப்பாவில் சிப்பாய்களின் கையில் இருந்தது. உருவத்தைப் பாருங்கள்: சோழர் முத்திரையில் புலி அமர்ந்திருக்கும், இங்கே பாய்கிறது. வாளின் கைப்பிடியிலும் பீரங்கி வாயிலும் புலித்தலை பதித்து, ஆங்கிலேயனைக் கடித்துக் குதறும் மரப்புலி ஒன்றையும் வைத்திருந்த மைசூர் திப்பு சுல்தானை நினைத்தே இது தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதுதான் பொதுவான கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. 1799இல் ஆங்கிலேயரோடு போரிட்டு மடிந்தவனின் அடையாளம், முஸ்லிமும் இந்துவும் சீக்கியரும் கலந்திருந்த அணிக்கு ஏற்றது.

ஜெர்மனியில் பிறந்ததால் இது நாஜிச் சின்னம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. எளிதாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல. அந்தப் படையணியின் உறுதிமொழியில் ஹிட்லரின் பெயர் இருந்தது. 1944 ஆகஸ்டில் அணி நாஜிகளின் ஆயுதப் படையான வாஃபன் எஸ்.எஸ். பொறுப்புக்கும் மாற்றப்பட்டது. இதை மறைத்து வரலாறு எழுதக் கூடாது. ஆனால் 'ஜெய்ஹிந்த்' முழக்கமும் 'நேதாஜி' என்ற பட்டமும்கூட அதே ஜெர்மனி நாட்களில்தான் இந்தியர் வாயில் பிறந்தன. அவற்றை நாஜிச் சொற்கள் என்று எவரும் சொல்வதில்லை. பிறந்த மண்ணை வைத்து மட்டும் ஒரு சின்னத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது; அணிந்தவர் எதற்காக அணிந்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

மலாயாவில் நிலைமை வேறு. இங்கே ஏற்றப்பட்டது ராட்டை பொறித்த மூவண்ணக் கொடி. ஆயுதங்களில் பெரும்பகுதி 1942 பிப்ரவரியில் சரணடைந்த பிரிட்டிஷ் படை விட்டுச்சென்றவை. எனவே கூலாய் வட்டாரத் தோட்டத்திலிருந்து போன ஒருவரின் பெட்டியில் ஜெர்மன் எழுத்துள்ள கைச்சின்னம் இருந்தால், அது பிற்காலத்தில் வாங்கியதாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.