பிரே ஊர்ப் பங்குக் குருவும் ரோச்செஸ்டர் மேற்றிராணியாரும்



சென்ற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்தபின் ஒரு பெரியவர் என்னிடம், “சாமி, இருக்கிற இடம் போய்விடுமே என்று பயந்து விசுவாசத்தையே மாற்றிக்கொண்ட குருமார் உண்டா?” என்று கேட்டார். உண்டு, மறைப்பதற்கில்லை. ஜூன் 22-ம் தேதி அர்ச். ஜான் பிஷர், அர்ச். தாமஸ் மோர் திருநாள் வருவதால், அவர்களுடைய நாட்டுச் சரித்திரத்திலிருந்தே சொல்லுகிறேன்.

1534-ல் இங்கிலாந்து அரசன் 8-ம் ஹென்றி, பாப்பரசரின் அதிகாரத்தைத் தள்ளிவிட்டு, தன்னையே அந்நாட்டுத் திருச்சபைக்குத் தலைவனாக்கிக்கொண்டான். அவன் மகன் 6-ம் எட்வர்டு காலத்தில் பூசையே ஒழிந்தது. 1553-ல் மேரி ராணி வந்தாள், பூசை திரும்பியது. 1559-ல் எலிசபெத் ராணி அதை மறுபடியும் நிறுத்தினாள். பங்குக் குருமாரில் மிகப் பலர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இசைந்து அதே பங்கில் இருந்துவிட்டார்கள்.

அவர்களில் பேர்போனவர் பிரே என்னும் ஊரின் பங்குக் குரு. தாமஸ் புல்லர் என்ற ஆங்கிலிக்கன் போதகர் எழுதி 1662-ல் வெளிவந்த நூலில் அவர் கதை இருக்கிறது. அவர் இரண்டு தடவை கத்தோலிக்கர், இரண்டு தடவை புரொட்டஸ்டாண்டு. இரண்டு மைல் தூரத்தில் மனிதர்களை உயிரோடு எரித்ததைக் கண்டவர். அந்தச் சூடு தம் உடம்புக்கு ஆகாது என்று தீர்மானித்துக்கொண்டார். கொள்கை இல்லாதவர் என்று ஒருவன் பழித்தபோது, பிரே ஊர்க் குருவாகவே வாழ்ந்து சாவதுதான் தம் கொள்கை, அதை ஒருநாளும் விட்டதில்லை என்றாராம்.

நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அப்படிப்பட்ட பங்கில் இருந்த ஒரு குடியானவனை நினைத்துப் பாருங்கள். இறந்த தகப்பனுக்காகப் பூசை வை என்று சொன்ன அதே குரு, உத்தரிக்கிற ஸ்தலமே இல்லை என்கிறார். சில வருடம் கழித்து உண்டு என்கிறார். பிறகு மறுபடியும் இல்லை என்கிறார். அவன் தன் தகப்பனுக்காக என்ன செய்வான்?

மேற்றிராணிமாரும் தப்பவில்லை. மடாதிபதியாயிருந்து லாண்டாப் மேற்றிராணியாரான அந்தோனி கிச்சின் நான்கு ஆட்சிக்கும் வளைந்துகொடுத்து, 1563-ல் மேற்றிராணியாராகவே இறந்தார். ரோச்செஸ்டர் மேற்றிராணியார் ஜான் பிஷரோ, ஏழை மேற்றிராசனமான அதை முப்பது வருடம் விடாமல் நடத்தியவர். அரசனைத் திருச்சபையின் தலைவன் என்று ஒப்பமாட்டேன் என்றார். 1535 ஜூன் 22-ல் அவரைச் சிரச்சேதம் செய்தார்கள். அன்றைய மேற்றிராணிமாரில் இதற்காக உயிர் கொடுத்தவர் அவர் ஒருவரே.

எனக்கு அதிகம் நெருக்கமானவர் மூன்றாவது ஒருவர்: டர்ஹாம் மேற்றிராணியார் கத்பர்ட் டன்ஸ்டால். தாமஸ் மோரின் நண்பர். அவரும் ஹென்றிக்கு இணங்கினார். 1539-ல் அரசன் முன்னிலையில் அவன் தலைமையை ஆதரித்துப் பிரசங்கமும் செய்தார். ஆனால் 1559-ல் அதே பிரமாணத்தை எலிசபெத் கேட்டபோது, எண்பத்தைந்து வயதுக் கிழவர் மறுத்தார். பதவி போயிற்று, அவ்வருடம் நவம்பரில் காவலிலேயே இறந்தார்.

கருத்து மாறுவதே குற்றமென்று நான் சொல்லவில்லை. ஆங்கிலிக்கன் குருவாயிருந்த அர்ச். ஜான் ஹென்றி நியூமனும் 1845-ல் மாறினார். அதற்காகத் தம் உத்தியோகத்தையும் ஆக்ஸ்போர்டு வாழ்வையும் இழந்தார். பிரே ஊர்க் குரு எதையும் இழக்கவில்லை.

பெரியவர் கேட்டபோது சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன், வேறொரு பங்கில், அநியாய வட்டியைப் பற்றி ஒரு பிரசங்கம் எழுதி வைத்திருந்தேன். மணிக்கூண்டுச் செலவில் பாதியை ஏற்றவர் அன்று முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். அவர் தொழில் எனக்குத் தெரியும். காகிதத்தை மடித்து அங்கிக்குள் வைத்துவிட்டு, செபமாலையைப் பற்றிப் பேசினேன். எந்த அரசனும் என்னை மிரட்டவில்லை. அவரிடம் கடன்பட்டவர்களும் அன்று பூசையில் இருந்தார்கள்.

அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. வருகிற ஞாயிறு இரண்டாம் பூசையில் அதை வாசிப்பேன்.