கணினி இயங்காதொழியின் கோப்புகளை மீட்குமாறு

ஒரு குடும்பத்தின் நிழற்படங்களும், ஒரு மாணவன் பல மாதம் உழைத்தெழுதிய ஆய்வுக் கட்டுரையும், ஒரு சங்கத்தின் கணக்குகளும் இன்று ஒரே கணினியினுள் அடங்கியிருத்தலைக் காண்கின்றோம். அக்கணினி ஒருநாள் இயங்க மறுக்குமாயின், அவையனைத்தும் அழிந்தனவென்று பலர் கலங்குவர். அக்கலக்கத்தில் அவர் செய்யுஞ் சில செயல்களே, அழியாதிருந்தவற்றையும் அழித்துவிடுகின்றன. ஆதலால் அத்தருணத்தில் முதலில் அறியவேண்டியது யாது, முதலிற் செய்யவேண்டியது யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

கணினி வேறு, அதனுட் கிடக்குங் கோப்புகள் வேறு. ஆளியை அழுத்தியவுடன் மின்சாரம் தாய்ப்பலகையை அடைகின்றது. அங்குள்ள நிலையான செய்நிரல் உறுப்புக்களைச் சோதித்து, வன்தட்டைத் தேடி, அதிலிருந்து விண்டோஸ் முதலிய பணிசெயல் முறைமையை நினைவகத்துக்கு ஏற்றுகின்றது. மின்வழங்கி பழுதுற்றாலும், நினைவகம் கெட்டாலும், முறைமைக்குரிய கோப்பொன்று சிதைந்தாலும் கணினி இயங்காது. எனினும் இம்மூன்றிலும் நாம் எழுதி வைத்தவை பெரும்பாலும் ஊறின்றியே இருக்கும். வாயிற்கதவு திறவாமையால் வீட்டினுள் உள்ள பொருள் களவு போயிற்றென்று கொள்ளலாகாதன்றோ? வன்தட்டே பழுதுறும்போதுதான் உண்மையான இடர் நேர்கின்றது.

ஆகவே முதல் விதி யாதெனின், அத்தட்டில் யாதொன்றும் புதிதாக எழுதப்படலாகாது என்பதாம். முறைமையைப் புதிதாக நிறுவுதல் இயந்திரத்தை எழுப்பிவிடும். ஆனாற் கோப்புகள் இருந்த இடத்தில் வேறு தரவை எழுதிவிடும். திருத்துபவரிடம் கொடுக்கும்போதும், எமக்கு வேண்டுவன கோப்புகளே என்பதையும், அவற்றை எடுத்த பின்னரே திருத்தவேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடல் வேண்டும்.

தட்டு நலமாயின் மீட்கும் வழி இரண்டு. ஒன்று, உபுண்டு போன்ற லினக்ஸ் முறைமையொன்றை வேறொரு கணினியின் துணையாற் பென்டிரைவில் ஏற்றி, பழுதுற்ற கணினியை அதிலிருந்து இயக்குதல். நிறுவாமலே பரீட்சித்துப் பார்க்கும் வழியைத் தெரிந்தால், உள்ளிருக்கும் தட்டு மாற்றமுறாது. அதனைத் திறந்து, வேண்டிய கோப்புகளை வெளியே இணைத்த வேறொரு தட்டிற் படியெடுத்துக் கொள்ளலாம். மற்றையது, தட்டையே கழற்றி, அதற்குரிய இணைப்பியின் மூலம் வேறொரு கணினியிற் பொருத்துதல். புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் அது தாய்ப்பலகையோடு ஒட்டப்பட்டிருத்தலால் இரண்டாம் வழி அவற்றுக்குப் பொருந்தாது.

இங்கே ஒரு தடை உண்டு. விண்டோஸ் கணினிகள் பலவற்றில் பிட்லொக்கர் என்னும் மறைகுறியாக்கம் தட்டைப் பூட்டி வைத்திருக்கும். அதனைத் திறக்க 48 இலக்கங்கொண்ட மீட்புச் சாவி வேண்டும். அச்சாவி இல்லையேல், தட்டு எத்துணை நலமாயிருப்பினும் வல்லுநராலும் வாசித்தல் இயலாது. கணினி நலமாயிருக்கும் காலத்திலேயே அதனைத் தாளில் எழுதிக் காத்தல் அறிவுடைமையாம்.

தட்டுத் தென்பட்டும் கோப்புகள் தென்படாவிடின், அட்டவணை சிதைந்ததென்று கொள்க. நூலின் பொருளடக்கத் தாள் கிழிந்தாலும் பிற தாள்கள் இருத்தல் போல, கோப்புகள் தட்டில் இன்னும் இருக்கலாம். ரெஸ்ற்டிஸ்க் என்னும் செய்நிரல் தொலைந்த பிரிவுகளைத் தேடி அட்டவணையைச் சீர்செய்யும். அதனோடு வரும் போட்டோறெக் என்பது அட்டவணையை நோக்காது, ஒவ்வொரு வகைக் கோப்பின் தொடக்கக் குறியையும் கொண்டு அதனை இனங்காணும். ஆயின் கோப்பின் பெயர் மீளாது. மீட்பனவற்றை வேறொரு தட்டிலேயே சேமித்தல் வேண்டும். சுழலும் பாகமற்ற திண்மநிலைத் தட்டுக்களிலோ, நீக்கிய கோப்பின் இடத்தைத் தட்டே விரைவில் வெறுமையாக்குதலின், நீக்கியவை மீளுதல் அரிது.

வன்தட்டினுள் "டிக் டிக்" என்னும் ஒலி கேட்குமாயின் உடனே மின்சாரத்தை நிறுத்துக. மீண்டும் மீண்டும் இயக்குதல் புண்ணைக் கிளறுவதாகும். வட்டுக்கும் வாசிக்குந் தலைக்கும் இடையிலான வெளி தூசித் துகளினும் மிகச் சிறிதாதலால், வீட்டில் அதனைத் திறத்தல் கூடாது. இதற்கெனத் தூய அறை அமைத்திருப்போரிடமே ஒப்படைத்தல் வேண்டும். அவர்தம் திறனுக்கு ஒரு சான்று உண்டு. 2003 பெப்ரவரி 1ஆம் நாள் கொலம்பியா விண்ணோடம் சிதறி வீழ்ந்து, வீரர் எழுவரும் உயிர் நீத்தனர். சிதைவுகளிடையே கிடைத்த கருகிய வன்தட்டொன்றிலிருந்து, செனன் வாயுவைப் பற்றிய ஆய்வுத் தரவுகளில் ஏறக்குறைய 99 வீதம் மீட்கப்பட்டது. வட்டுக்கள் ஊறுபடாதிருந்தமையே அதற்குக் காரணம்.

எனினும் மீட்புக் கலை எவ்வளவு வளரினும், ஒன்றேயாயிருந்த படி முற்றாக அழிந்தால் அதனால் ஆவது ஒன்றுமில்லை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் அருகிவந்த ஏடுகளைத் தேடியெடுத்து, 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார்கள். அச்சாற் படிகள் பெருகின, நூல் பிழைத்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அவற்றுட் பிறவிடத்திற் படியுள்ளவற்றை மீண்டும் தேடிக்கொள்ள இயலும்; படியில்லாதவை போனவை போனவையே.

கணினிக் கோப்புக்கும் நியதி இதுவே. மூன்று படிகள் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுளொன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும். படியெடுத்ததோடு அமையாது, இடையிடையே அதனைத் திறந்தும் பார்த்தல் வேண்டும். திறவாத படியைப் படியென்று நம்பலாகாது. கணினி இயங்கும் நாளிலேயே இவற்றைச் செய்து வைப்போர், அது இயங்காத நாளிற் கலங்கார்.