ஊறினால்தான் உணவு! (சியா விதைப் பழக்கிண்ணம்)



சர்பத்திலும் ஃபலூடாவிலும் வழுவழுன்னு கறுப்பு விதை மிதக்குமே, அதுதான் சியா என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லீங்க! அது சப்ஜா, அதாவது திருநீற்றுப்பச்சைச் செடியின் விதை. சியா, மெக்சிகோ, குவாத்தமாலா நாடுகளைச் சேர்ந்த செடி. இரண்டும் துளசிக் குடும்பம்தான். ஒன்றுவிட்ட சொந்தக்காரங்கன்னு வச்சுக்கலாம்.

அடையாளம் எப்படி? சப்ஜா முழுக்கக் கறுப்பு. சியாவில் சாம்பல், வெள்ளை, பழுப்பு எல்லாம் கலந்திருக்கும். இரண்டு டம்ளர் தண்ணீரில் தனித்தனியே போட்டுப் பார்த்தேன். சப்ஜா பத்தே நிமிடத்தில் உப்பிவிட்டது. சியாவுக்கு அரை மணி நேரம் ஆனது.

ஏன் உப்புகிறது?
சியாவின் மேல்தோலில் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும் ஒருவகை நார்ப்பொருள் இருக்கிறது. தன் எடையைப் போல் சுமார் 10 மடங்கு தண்ணீரை அது பிடித்துக்கொள்ளும். மண்ணில் விழுந்த விதை ஈரத்தைக் காத்து முளைக்க இயற்கை செய்த ஏற்பாடு இது.

எச்சரிக்கை!
இதே குணம் ஆபத்தாகவும் ஆகலாம். அமெரிக்காவில் 39 வயதுக்காரர் ஒருவர் ஒரு மேசைக்கரண்டி உலர்ந்த சியாவை விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தார். விதை உணவுக்குழாயிலேயே உப்பி அடைத்துக்கொண்டது. டாக்டர்கள் உள்நோக்குக் கருவியை விட்டுத்தான் எடுத்தார்கள். 2014-ல் ஒரு மருத்துவ மாநாட்டில் இதைச் சொன்னார்கள். அதனால் உலர்ந்த விதையை வாயில் போடாதீங்க. வீட்டில் தம்பி தங்கச்சி கைக்கு எட்டாத இடத்தில் வையுங்க.

தேவையானவை (3 பேருக்கு)
சியா விதை – 2 மேசைக்கரண்டி (சுமார் 25 கிராம்)
காய்ச்சி ஆறவைத்த பால் – 250 மி.லி.
கனிந்த வாழைப்பழம் – 1
பப்பாளி அல்லது மாம்பழத் துண்டுகள் – 1 கப்
மாதுளை முத்து – ஒரு கைப்பிடி

செய்முறை
1. பாலில் சியாவைக் கொட்டிக் கலக்குங்கள்.
2. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கலக்குங்கள். இதை விட்டால் கட்டி கட்டியாகிவிடும்!
3. மூடி, ஃபிரிட்ஜில் 2 மணி நேரம் வையுங்கள்.
4. வாழைப்பழத்தை மசித்துச் சேருங்கள். சீனியே வேண்டாம், பழத்தின் இனிப்பே போதும்.
5. கிண்ணத்தில் ஊற்றி, மேலே பழத்துண்டும் மாதுளையும் தூவுங்கள்.

என்ன பயன்?
100 கிராம் சியாவில் சுமார் 34 கிராம் நார்ச்சத்து உண்டு. நாம் எடுத்த 25 கிராமிலேயே 8 கிராமுக்கு மேல் வருகிறது. ஆனால் 100 கிராமுக்குக் கிட்டத்தட்ட 490 கலோரியும் இருக்கிறது. "நல்லது"ன்னு அள்ளி அள்ளிப் போட வேண்டாம். பழத்திலும் சர்க்கரை உண்டு. சுகருக்கு மருந்து சாப்பிடும் தாத்தா பாட்டிக்குக் கொடுக்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள்.

சியா கிடைக்கலையா? கவலை வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி சப்ஜாவைத் தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்து, பாலில் சேருங்கள். கெட்டியாக வராது, கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கும். ருசியில் குறை இல்லை.

அளந்து போடுவோம், ஊறவைத்து உண்போம், உடல்நலம் காப்போம்!