டெம்ப்ளேட் போதும், எழுதத் தொடங்கு

அன்புள்ள தங்கைக்கு,

பெரம்பலூரிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. வேலையில் கற்றுக்கொள்வதைத் தமிழில் எழுதிவைக்கச் சொந்தமாக ஒரு தொழில்நுட்பத் தளம் தொடங்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாய். எந்த டெம்ப்ளேட்டை எடுப்பது, அதில் எதையெல்லாம் மாற்றுவது என்று கேட்டிருக்கிறாய். பார்த்துவைத்த தீம்களின் பட்டியலையும் இணைத்திருந்தாய். அது நீளமானது. எழுதப்போகும் கட்டுரைகளின் பட்டியல் மட்டும் அதில் இல்லை.

அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருப்பதில் எளிய டெம்ப்ளேட்டை எடு. தமிழில் படிக்க இடைஞ்சலாக இருப்பதை மட்டும் திருத்து. மிச்ச நேரம் முழுவதையும் எழுத்துக்குக் கொடு. உன்னைப் போல வாசலில் நிற்பவர்கள் நிறையப் பேர் என்பதால் இதைப் பகிரங்கக் கடிதமாகவே எழுதுகிறேன்.

எளியது என்று எதைச் சொல்கிறேன்? கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் 2008-இல் ஜெக்கில் என்ற கருவியை வெளியிட்டார். டேட்டாபேஸ் வேண்டாம், அட்மின் பக்கம் வேண்டாம்; கட்டுரைகள் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்களாக ஒரு ஃபோல்டரில் இருக்கட்டும், அவற்றை டெம்ப்ளேட்டில் இட்டு வலைப்பக்கங்களாக மாற்றிக் கொடுப்பது மட்டும் கருவியின் வேலை என்பதே அவர் எண்ணம். அதே ஆண்டில் கிட்ஹப் பேஜஸ் வந்தது. தளத்தை இலவசமாக வைக்க இடமும் கிடைத்தது. 2013-இல் ஸ்டீவ் ஃபிரான்சியா தொடங்கிய ஹியூகோவும் இதே வழிதான். இரண்டில் எதை எடுத்தாலும் சரி. கட்டுரையை மார்க்டவுனில் எழுதுவாய். ஜான் குரூபர் 2004-இல் வெளியிட்ட அந்த முறையில், தலைப்புக்கு ஒரு குறி, பட்டியலுக்கு ஒரு குறி என்று சில அடையாளங்கள் மட்டுமே. நாளைக்கு ஜெக்கிலே இல்லாமல் போனாலும் உன் ஃபைல்களை நோட்பேடில் திறந்து படிக்கலாம்.

இந்தக் கடைசி வரியை நான் இலேசாகச் சொல்லவில்லை. 1990-களின் இறுதியில் தமிழர்கள் பலர் ஜியோசிட்டீஸில் பக்கங்கள் வைத்திருந்தார்கள். 2009 அக்டோபரில் யாஹூ அதை மூடியது. ஆர்வலர்கள் ஓடியோடிச் சேமித்தது போக மற்றவை போய்விட்டன. மிஞ்சியவற்றிலும் பல பக்கங்கள் அந்தந்த எழுத்துருவுக்கென்றே அமைந்த குறியீட்டில் இருந்ததால், இன்றைய கணினியில் திறந்தால் வெறும் குறிகளாகத் தெரிகின்றன. எழுத்து நம் கையில், யூனிகோடில், டெக்ஸ்ட் ஃபைலாக இருக்க வேண்டும் என்பது அந்த இழப்பு கற்றுத்தந்த பாடம்.

இனி முதல் நாள் வேலை. டெம்ப்ளேட்டை உன் கிட்ஹப் கணக்குக்குப் பிரதி எடுத்ததும் கான்ஃபிக் ஃபைலைத் திற. தளத்தின் பெயர், விளக்கம், உன் பெயர், முகவரி ஆகிய நான்கையும் நிரப்பு. பேஸ்யூஆர்எல் என்ற வரியைக் கவனி. ரெப்பாசிட்டரிக்கு உன் கிட்ஹப் முகவரியையே பெயராக வைத்தால் அந்த வரி காலியாக இருக்கலாம். வேறு பெயர் என்றால் அந்தப் பெயரை அங்கே எழுத வேண்டும். தளம் வண்ணமும் அமைப்பும் இல்லாமல் மொட்டையாக வந்தால், பெரும்பாலும் இந்த வரிதான் காரணம்.

அடுத்தது தேதி. கிட்ஹப்பின் கணினி இந்திய நேரத்தில் ஓடுவதில்லை. கட்டுரையின் தலையில் காலை 9 மணி என்று மட்டும் எழுதினால், அது உலகப் பொது நேரம் 9 மணியாக, அதாவது நமக்குப் பகல் 2.30 ஆக எடுத்துக்கொள்ளப்படும். காலையில் பதிவேற்றிவிட்டுக் கட்டுரையைக் காணோமே என்று தேடுவாய். எதிர்காலத் தேதியிட்ட கட்டுரையை ஜெக்கில் வெளியிடாது, 2.30 ஆனாலும் அது தானாக வந்துவிடாது, தளம் மறுபடி பில்ட் ஆக வேண்டும். நேரத்தின் பின்னால் +0530 என்று சேர்த்துவிடு, இந்தத் தொல்லை தீர்ந்தது.

பிறகு டெம்ப்ளேட்டோடு வந்த பழைய சரக்கை அகற்று. மாதிரிக் கட்டுரைகள், முன்னவரின் சமூக ஊடகச் சுட்டிகள், அவருடைய அனலிட்டிக்ஸ் எண், அவருடைய டொமைன் பெயர் எழுதிய ஃபைல் எல்லாம் போகட்டும். அந்த எண்ணை விட்டுவைத்தால் உன் வாசகர்களின் வருகை வேறொருவர் கணக்கில் பதிவாகும். ஆனால் உரிம ஃபைலை மட்டும் தொடாதே. எம்ஐடி உரிமத்தில் இலவசமாகக் கொடுத்தவர் கேட்பது தன் பெயர் அதில் இருக்கட்டும் என்பதுதான். அந்த மரியாதையை நாம் செய்தே ஆக வேண்டும்.

தோற்றத்தில் கை வைப்பதைச் சில கட்டுரைகள் வெளியான பிறகு வைத்துக்கொள். புது வீட்டில் குடியேறிச் சமைத்துப் பார்த்த பிறகுதான் எந்த அலமாரி எங்கே வேண்டும் என்று தெரியும். மாற்றும்போதும் தீமின் ஃபைல்களுக்குள் போய்த் திருத்தாதே. மாற்ற வேண்டிய ஒரு ஃபைலை மட்டும் உன் ஃபோல்டரில் அதே பெயரில், அதே இடத்தில் வைத்தால் ஜெக்கிலும் ஹியூகோவும் உன்னுடையதையே எடுத்துக்கொள்ளும். தீமின் புதிய பதிப்பு வரும்போது உன் திருத்தங்கள் பிழைத்திருக்கும்.

முதல் நாளிலேயே செய்ய வேண்டிய மாற்றங்களும் உண்டு. அவை தமிழுக்கானவை. நாம் எடுக்கும் தீம்கள் அநேகமாக ஆங்கிலத்தை மனதில் வைத்து வரையப்பட்டவை. பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று முதல் வரியிலேயே குறித்திருக்கும், அதைத் தமிழாக்கு. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் எந்தக் குரலில் படிப்பது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. தீம் கேட்கும் எழுத்துருவில் தமிழ் பெரும்பாலும் இருக்காது. நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்தா மலர் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் கிராமத்தில் சிக்னல் குறைந்த இடத்தில் போனில் படிப்பவரை நினைத்துப் பார். விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஆப்பிளில் முத்து நெடுமாறன் வடித்த இணைமதி என்று சாதனத்திலேயே தமிழ் எழுத்துரு இருக்கிறது. அதையே பயன்படுத்தச் சொன்னால் தரவிறக்கம் எதுவும் வேண்டாம், பக்கம் சட்டென்று திறக்கும்.

வரி இடைவெளியைக் கூட்டு. குறிகள் மேலும் கீழும் நீளும் நம் எழுத்துக்கு ஆங்கில இடைவெளி நெருக்கடி, 1.7 அளவு வைத்துப் பார். மேற்கோளைச் சாய்வெழுத்தாக்கும் கட்டளையை எடுத்துவிடு. தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் அநேகமாக இல்லாததால் பிரௌசர் வலுக்கட்டாயமாகச் சாய்க்கும், கண்ணுக்கு உறுத்தும். இருபுறமும் சமப்படுத்துவதையும் நிறுத்து. நம் சொற்கள் நீளமானவை. போன் திரையில் சொற்களுக்கு நடுவே பெரும் பள்ளங்கள் விழும். மாதப் பெயர்கள் தமிழில் வர, 12 பெயர்களையும் ஒரு சிறு டேட்டா ஃபைலில் எழுதி வைத்துவிடு.

கட்டுரையின் முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில் சுருக்கமாக வை. காரணத்தை உன் ஊர்ப் பெயரிலேயே காட்டுகிறேன். பெரம்பலூர் என்பது நமக்கு 6 எழுத்து. கணினிக்கு அது 10 குறியீடுகள், ஏனென்றால் கொம்பு, புள்ளி, ஊகாரக் குறி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். அந்த 10-உம் யூடிஎஃப்-8 முறையில் 30 பைட்டுகள். வாட்ஸ்அப்பில் பகிர முகவரியை நகலெடுத்தால் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரிந்து 90 எழுத்துகளாகிவிடும். ஒரு சொல்லுக்கே இவ்வளவு.

தங்கையே, இதைப் படிக்கும்போதே உன் முதல் கட்டுரை உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊர்ப் பெயரின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் ஏன் 10 என்கிறது, 6 என்று சொல்லவைப்பது எப்படி? முத்து அண்ணாமலையும் நண்பர்களும் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் நிரலகம் இதற்கு விடை வைத்திருக்கிறது. இரண்டாவது கட்டுரை கொள்ளிடம் என்ற பெயரைத் தேடுவதைப் பற்றியதாக இருக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் பட்டியலில் ஒரு வகையில் இருக்கும் கொள்ளிடம், இன்னொரு வகையில் தேடுபவருக்கு அகப்படாமல் போகும். தேடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்று எழுது. மூன்றாவது, பெயர்ப் பட்டியலை அகரவரிசைப்படுத்துவது. னகரமும் றகரமும் நம் அகராதியில் கடைசியில் வருபவை. யூனிகோடு எண் வரிசையிலோ ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற. எண் வரிசையை நம்பினால் பட்டியல் தடம் புரளும்.

ஊரைச் சுற்றிப் பார்த்தாலும் விஷயம் கிடைக்கும். டிடிபி கடையில் வானவில்லிலோ பாமினியிலோ அடித்த பழைய நோட்டீசை யூனிகோடுக்கு மாற்றுவது எப்படி? சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்துக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழ்ப் பெயரைச் சேர்ப்பது எப்படி? மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடும் ஒருவர், தினசரி விலையைக் குறித்துவைத்து வரைபடமாகப் பார்க்க எவ்வளவு சிறிய நிரல் போதும்? பெரம்பலூரிலோ அரியலூரிலோ கணினி படிக்கும் மாணவிக்கு இவை உடனே புரியும், உடனே பயன்படும்.

எழுதும் முறைக்கு நான்கு கேள்விகளை வைத்துக்கொள். என்ன செய்ய முயன்றாய், என்ன வந்தது, ஏன் வந்தது, எது தீர்த்தது? பிழைச் செய்தியைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகவே போடு. அதே பிழையில் மாட்டியவர் அந்த வரியைத் தேடித்தான் உன்னிடம் வருவார். எந்தப் பதிப்பு மென்பொருள், எந்த மாதம் சோதித்தாய் என்பதைக் கட்டாயம் குறிப்பிடு. ஓட்டிப் பார்க்காத ஒரு கட்டளையைக்கூட எழுதாதே.

தமிழில் எழுதினால் யார் படிப்பார்கள் என்ற தயக்கமும் உன் கடிதத்தில் இருந்தது. 2012-இல் ஸ்ரீனிவாசனும் நண்பர்களும் கணியம் இதழைத் தொடங்கினார்கள். கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதினார்கள். எல்லாரும் பகிர்ந்துகொள்ளும்படி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்தார்கள். து. நித்யா அதில் மைஎஸ்கியூஎல் பற்றித் தொடராக எழுதினார். அது 'எளிய தமிழில்' வரிசையில் மின்னூலாயிற்று. லினக்ஸ், ஹெச்டிஎம்எல் என்று வரிசை வளர்ந்து இயந்திரக் கற்றல் வரை வந்தது. அந்த வரிசை அலங்காரமான தளத்தால் நிற்கவில்லை. ஒருவர் கற்றதை அடுத்தவருக்குப் புரியும்படி, விடாமல் எழுதியதால் நிற்கிறது.

ஆங்கிலத்தில் ஒரு பிழைக்கு ஆயிரம் விளக்கங்கள் இருக்கின்றன. ஆயிரத்து ஒன்றாவது வராவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. தமிழில் பல பிழைகளுக்கு ஒரு விளக்கம்கூட இல்லை. நீ எழுதுவதுதான் முதலாவதாக இருக்கும். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு, ஒரு கருத்து முதல் தடவை தாய்மொழியில் விளங்கிவிட்டால் பிறகு ஆங்கில நூல் அவ்வளவு அச்சுறுத்தாது. அந்த முதல் தடவைக்காக நீ எழுத வேண்டும்.

ஆகவே அந்தத் தீம் பட்டியலை மூடிவை. ஜெக்கிலோடு வரும் மினிமாவையே எடுத்துக்கொள், மேலே சொன்ன தமிழ்த் திருத்தங்களைச் செய், இந்த வாரமே முதல் கட்டுரையை வெளியிடு. பிறரும் எடுத்தாளும்படி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடு. கணியத்துக்கும் ஒரு பிரதி அனுப்பு. வெளியானதும் சுட்டியை எனக்கு எழுது. முதல் ஆளாகப் படித்து, குறை தெரிந்தால் மறைக்காமல் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்