வாட்டில் நிற்கப் போகும் பிள்ளைகளுக்கு

உயர்தரம் எழுதிவிட்டுத் தாதியர் கல்லூரி விண்ணப்பத்துக்காகக் காத்திருக்கும் காலத்தில், ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் கண்டிக்குப் போய்த் தனியார் வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் தாதி உதவியாளராகச் சேர்கிறார்கள். போகுமுன் என்னிடம் வந்து கேட்பவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். அரசாங்க வைத்தியசாலையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் காலத்தில் பிரஜாவுரிமைப் பத்திரம் இல்லாத வீட்டுப் பிள்ளை அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. 1948 இல் எங்கள் மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்ததன் மிச்சம் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. என் வீட்டில் அந்தப் பத்திரம் இருந்தது. என்னைவிட நன்றாகப் படித்த தோழிகள் வீட்டில் இருக்கவில்லை. அவர்கள் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார்கள். அவர்களை நினைத்துக்கொண்டுதான் உங்களிடம் இவ்வளவு கண்டிப்பாகப் பேசுகிறேன்.

1. பணம் கட்டுவதற்கு முன் சான்றிதழைப் பற்றிக் கேளுங்கள். ஆறு மாதத்தில் தாதியாகலாம் என்று விளம்பரம் செய்பவர்களை நம்பி, தாயின் தோட்டை அடகு வைக்க வேண்டாம். இந்த நாட்டில் தாதி என்று பதிவு செய்வதற்கு 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த இலங்கைத் தாதியர் சபை இருக்கிறது. நீங்கள் சேரப் போகும் படிப்பை அந்தச் சபை ஏற்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பராமரிப்பாளர் வேலைக்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உண்டு. அது பயனுள்ளது, அந்த வேலைக்கு மதிப்புள்ளது. ஆனால் அதை வைத்துத் தாதியாக முடியாது. இரண்டையும் கலந்து பேசுபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

2. கை கழுவுங்கள். நோயாளியைத் தொடுமுன், சுத்தமாகச் செய்ய வேண்டிய எந்த வேலைக்கும் முன், ரத்தமோ சிறுநீரோ பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவருடைய கட்டிலையோ மேசையையோ தொட்ட பின். இந்த ஐந்து வேளைகளும் உலக சுகாதார நிறுவனம் வகுத்தவை. வியன்னாவில் 1847 இல் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கை கழுவ வைத்தே பிரசவித்த தாய்மாரின் சாவைக் குறைத்தார். அவர் சொன்னதை ஏற்கப் பெரிய டொக்டர்களுக்கே பல ஆண்டுகள் பிடித்தன. கையுறை போட்டிருக்கிறேனே என்று சொல்லாதீர்கள். கழற்றிய பின்னும் கழுவ வேண்டும்.

3. உடம்பு துடைப்பது, பெட்பேன் வைப்பது, மலம் சுத்தம் செய்வது, புரட்டிப் படுக்க வைப்பது: உங்களுக்குக் கிடைக்கப் போகும் வேலை பெரும்பாலும் இதுதான். முகம் சுளிக்காதீர்கள். நோயாளி உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். திரையை இழுத்து மூடுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். நினைவில்லாதவரிடமும் சொல்லுங்கள், அவருக்குக் கேட்கக்கூடும்.

இந்த வேலையைக் கீழானது என்று நினைப்பவர்கள் அதில் இருக்கும் படிப்பைப் பார்க்கவில்லை. டொக்டர் கட்டிலருகே நிற்பது சில நிமிடம். முதுகையும் இடுப்பையும் குதிகாலையும் தினமும் கண்ணால் பார்ப்பவர் உதவியாளர்தான். தானாகப் புரள முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு துருத்தும் இடங்களில் ரத்த ஓட்டம் நின்று தோல் சாகத் தொடங்கும். முதலில் சிவக்கும் என்று புத்தகம் சொல்லும். நம் போன்ற கறுத்த தோலில் அந்தச் சிவப்புச் சரியாகத் தெரியாது. அதனால் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்: சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக, கல்லுப் போல அல்லது கொழகொழவென்று இருக்கிறதா? அங்கே வலிக்கிறது என்கிறாரா? உடனே தாதி மிஸ்ஸிடம் சொல்லுங்கள். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். ஒரு படுக்கைப் புண்ணை வரவிடாமல் தடுத்த பிள்ளை, கல்லூரிக்குள் போகுமுன்னரே தாதி வேலையில் பெரும் பங்கைக் கற்றுவிட்டாள்.

4. அளந்ததை மட்டும் எழுதுங்கள். வளர்ந்த ஒருவர் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு விடுவார். அவருக்குத் தெரியாமல், நாடி பிடித்திருக்கும் பாவனையில், முழு நிமிடமும் எண்ணுங்கள். தெரிந்தால் மூச்சை மாற்றிக்கொள்வார். வாட்டில் எல்லோருக்கும் மூச்சு 20 என்று எழுதி வைக்கும் வழக்கத்தைப் பார்ப்பீர்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். உடம்பு கெடும்போது முதலில் மாறுகிறவற்றில் மூச்சும் ஒன்று.

டெங்கு நோயாளியிடம் அளந்ததை மட்டும் எழுதுவது இன்னும் முக்கியம். 2017 இல் இந்த நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது. காய்ச்சல் இறங்கியதும் வீட்டார் சந்தோஷப்படுவார்கள். அந்த வேளையில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கலாம். ஆபத்தான 24 முதல் 48 மணி நேரம் அதுதான். எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனது என்ற கணக்கை வைத்தே வைத்தியம் நடக்கிறது. 50 கிலோ எடையுள்ளவருக்குச் சிறுநீர் மணிக்கு 25 மில்லிலீற்றருக்குக் குறைந்தால் சொல்லியே ஆக வேண்டும். சிறுநீரை அளக்காமல் கொட்டிவிட்டால், கொட்டிவிட்டேன் என்று உண்மையைச் சொல்லுங்கள். குத்துமதிப்பாக ஒரு எண்ணை எழுதினால் டொக்டர் அதை நம்பி சேலைனைக் கூட்டுவார் அல்லது குறைப்பார்.

5. உங்கள் எல்லையைத் தாண்டாதீர்கள். ஆள் குறைவான இரவில், "தங்கச்சி, இந்த ஊசியைப் போட்டுவிடு" என்று யாராவது சொல்லலாம். மரியாதையாக மறுத்துவிடுங்கள். மருந்து, ஊசி, சேலைன் வேகம் எதுவும் உங்கள் வேலை அல்ல. பயன்படுத்திய ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாதீர்கள். ஊசி உங்களைக் குத்திவிட்டால் பிதுக்காமல் ஓடும் தண்ணீரில் சவர்க்காரத்தால் கழுவி, அந்த நிமிடமே மேலதிகாரியிடம் அறிவியுங்கள். வேலைக்குச் சேருமுன் மஞ்சள்காமாலை பி தடுப்பூசியைத் தொடங்குங்கள். வழமையாக மூன்று தடவை: முதலாவது, ஒரு மாதம் கழித்து, பிறகு ஆறாவது மாதம்.

6. உங்களுக்குத் தமிழ், சிங்களம் இரண்டும் தெரியும். கண்டி வாட்டில் அதன் பெறுமதி பெரியது. தோட்டத்திலிருந்து வந்த அம்மா சிங்கள டொக்டர் முன் வாயடைத்து நிற்பாள். நெஞ்சை அடைக்கிறது, இடது கை மரக்கிறது, ராத்திரியிலிருந்து வேர்க்கிறது என்று உங்களிடம் சொல்வாள். நீங்கள் அதை "நெஞ்சு வலியாம்" என்று சுருக்கிவிட்டால் பாதி நோயை மறைத்துவிட்டீர்கள். சொன்ன வரிசையில், சொன்ன அளவில், முழுவதையும் சொல்லுங்கள். நீங்களாக எதையும் சேர்க்க வேண்டாம். டொக்டர் சொன்னதையும் அப்படியே தமிழில் கொடுத்து, விளங்கியதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச மொழிதான். தமிழில் விளங்கிக்கொள்வது அவளுடைய உரிமை, அதை அவளுக்குச் செய்யும் உபகாரமாக எண்ண வேண்டாம்.

7. தூக்கும்போது முழங்காலை மடக்குங்கள், இடுப்பை வளைக்காதீர்கள். தனியாகத் தூக்காதீர்கள். இரவு வேலை முடிந்து தலாத்துஓயா வழியாக ஊருக்கு வரும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வருவதை ஓய்வென்று கணக்கில் வைக்காதீர்கள்.

8. வாட்டில் பார்த்ததை அன்றே புத்தகத்தில் தேடுங்கள். காலில் நீர் கட்டியவரைப் பார்த்தால் இதயம், சிறுநீரகம், ஈரல் மூன்றையும் படியுங்கள். கொப்பியில் நோயை எழுதுங்கள். ஆளின் பெயரை எழுதாதீர்கள். நோயாளியைப் போனில் படம் எடுக்கவே கூடாது. ஆங்கிலத்துக்குத் தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள், நோயாளியின் டிக்கட்டில் எழுதியிருப்பது ஆங்கிலத்தில்தான்.

9. சம்பளம் கையில் வந்ததும் பலர் படிப்பை விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். வீட்டில் கடன் இருக்கும், தம்பிக்கு டியூஷன் காசு வேண்டும், எல்லாம் தெரியும். ஆனால் கல்லூரிப் பயிற்சி மூன்று ஆண்டு, அந்தக் காலத்துக்கும் கொடுப்பனவு உண்டு என்பதை அப்பா அம்மாவுக்கு உட்கார வைத்து விளக்குங்கள். இசட் புள்ளி இடம் கொடுத்தால் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுத் தாதியியல் பட்டமும் இருக்கிறது. வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும். ஒவ்வொரு வாரமும் பாருங்கள். வயதெல்லை, பாடங்கள், தகைமை எல்லாவற்றையும் அதிலேயே வாசியுங்கள், பிறர் சொல்வதைக் கேட்டு இருந்துவிடாதீர்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறு எழுத்துமாக இருப்பது தோட்டங்களில் சாதாரணம். அறிவித்தல் வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது, இப்போதே பிரதேச செயலகத்துக்குப் போய்த் திருத்துங்கள்.

படித்து முடித்து நியமனம் வரும்போது, ஒரு தடவையாவது மலைநாட்டு வைத்தியசாலை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். தமிழ் பேசும் தாதியர் அங்கே இன்னும் போதாது.