படைக்கலச் சட்டமும் பொதுஜன அபிப்பிராயமும்

படைக்கலங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் எத்துணைக் கடுமையாயினும், ஜனங்கள் அதனைத் தமதென்று கொள்ளாதவரையில் ஏட்டளவிலேயே நிற்கும். நம் திருநெல்வேலிச் சீமையின் சரித்திரமே இதற்குச் சான்று.

பாளையக்காரர் போர் முடிந்தபின், 1801-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆந் தேதி கும்பினியார் ஓர் அறிக்கை பிறப்பித்துத் தென்னாட்டாரின் ஆயுதங்களைப் பறித்தனர். பாளையங்களுக்குள் ஓயாதிருந்த சண்டை இதனால் அடங்கிற்று என்பது மெய்யே. ஆயினும் அவமானம் அடங்கவில்லை. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமோ ஐரோப்பியரை விலக்கி, நம்மவர்க்கு மட்டும் லைசென்ஸை விதித்தது. காங்கிரஸ் மகாசபை அதனைப் பலகாலும் கண்டித்ததில் வியப்பென்ன? அச்சட்டம் அமலிலிருந்தபோதே, 1911 ஜூன் 17-இல், செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டதை யாவரும் அறிவர்.

இப்பொழுதுள்ள 1959-ஆம் ஆண்டுச் சட்டம் நம் பாராளுமன்றமே இயற்றியது. 2019-இல் அது திருத்தப்பெற்று, ஒருவர் வைத்துக்கொள்ளத்தக்க துப்பாக்கிகள் 3-லிருந்து 2-ஆகக் குறைக்கப்பட்டன. லைசென்ஸின்றித் துப்பாக்கி செய்வோர்க்கு 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை விதிக்கப்பட்டது. படைக்கலம் மத்திய அரசின் அதிகாரத்துக்குட்பட்டதாதலின், இதனினும் கடுமையான சட்டத்தை நம் மாகாணம் தானே செய்துகொள்ளல் இயலாது. ஆனால் லைசென்ஸ் வழங்குபவர் ஜில்லா மாஜிஸ்திரேட்டாகிய கலெக்டர். தென்காசி 2019 நவம்பரில் தனி ஜில்லாவானபின், அவ்வதிகாரம் நம் ஊருக்கே வந்துவிட்டது. ஆகவே பொதுஜன அபிப்பிராயம் உருவாக வேண்டிய இடமும் இதுவே.

இங்கே தடையாயிருப்பது யாது? குற்றாலத்து அருவிகளைக் காண வருவோர் கண்ணுக்குப் படாதது அது. மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி ஓரிரவில் கிழங்குக் கொல்லையைக் கிண்டிப் பாழாக்கிவிடும். பயிரை இழந்தவனுக்கு நாட்டுத்துப்பாக்கி குற்றப்பொருளாகத் தோன்றுவதில்லை. அண்டை வீட்டானும் அறிந்தும் வாய்திறவான். அத்துப்பாக்கியின் குழல் வெடித்துச் சுடுபவன் கையையே சிதைக்கலாம். மருந்து நிறைத்து இறவாணத்தில் செருகிவைத்தது குழந்தைகளின் கைக்கு எட்டலாம். இவற்றை எடுத்துரைத்தல் நன்றே. எனினும், பயிர்ச்சேதத்திற்கு வனத்துறையார் நஷ்டஈட்டைக் காலத்தில் கொடாதவரையில், வெறும் உபதேசம் குடியானவன் செவியில் ஏறாது என்றே நாம் கருதுகிறோம். துப்பாக்கிச் சட்டத்திற்கு ஆதரவு தேடுவோர் முதலில் அந்த நஷ்டஈட்டிற்காகப் பேசுதல் வேண்டும்.

ஜனங்கள் இணங்கமாட்டார் என்பாரும் உளர். தேர்தல் வருந்தோறும் லைசென்ஸுடையார் தம் துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து, ரசீது பெற்று, தேர்தல் முடிந்தபின் மீட்டுக்கொள்கின்றனர். அதற்காக எவ்வூரிலும் கலகம் விளைந்ததில்லை.