கழற்ற முடியாத லென்ஸ்

லென்ஸைக் கழற்றி மாற்ற வழியில்லாத கேமராவைக் கையில் எடுத்தாலே பார்ப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "இவ்வளவு பணம் போட்டுப் பாதி கேமராதான் வாங்கியிருக்கீங்க" என்பார் ஒருவர். "இதுல எடுத்தாத்தான் கண்ணு பழகும்" என்பார் இன்னொருவர். பல ஆண்டுகளாக அப்படியொரு கேமராவோடு தெருத்தெருவாக நடப்பவன் நான். இரண்டு பேச்சிலும் திருத்த வேண்டியவை உண்டு.

நம்பிக்கை: லென்ஸைக் கழற்ற முடியாதென்றால் ஜூமும் இருக்காது.

உண்மை: இரண்டும் வேறு வேறு. 2018இல் வந்த நிக்கான் பி1000இன் லென்ஸையும் கழற்ற முடியாது. ஆனால் அது 24 மி.மீ.யிலிருந்து 3000 மி.மீ.க்கு ஈடான குவியத் தொலைவு வரை எட்டும். இங்கே நான் பேசுவது ஜூமும் இல்லாத ஃபியூஜி எக்ஸ்100, ரிக்கோ ஜிஆர், லைக்கா க்யூ வகையைப் பற்றி.

நம்பிக்கை: சட்டைப் பைக்குள் போகிற கேமராவில் தரம் எங்கே வரும்?

உண்மை: ரிக்கோ ஜிஆர் 3இன் எடை பேட்டரியோடு 257 கிராம்தான். உள்ளே இருப்பதோ பெரிய கேமராக்கள் பலவற்றில் உள்ள அதே ஏபிஎஸ்-சி சென்சார். ஒரே சென்சாருக்கென்று அளவெடுத்துச் செய்த லென்ஸ் என்பதால் அதன் பின்கண்ணாடியைச் சென்சாரை ஒட்டியே வைக்கலாம், உருவம் சிறுக்கிறது. ஷட்டரும் பெரும்பாலும் லென்ஸுக்குள்ளேயே இருக்கும். வழக்கமான ஷட்டரோடு ஃபிளாஷ் பொதுவாக 1/200, 1/250 நொடி வரைதான் ஒத்துப்போகும். லென்ஸுக்குள் இருக்கும் ஷட்டரில் 1/1000 நொடியிலும் போடலாம். உச்சி வெயிலில், முதுகில் சூரியனோடு நிற்பவரின் முகத்தைச் சின்ன ஃபிளாஷால் தெளிவாக்கிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நம்பிக்கை: ஜூம் எதற்கு? நாலு எட்டு முன்னால் போனால் போதும்.

உண்மை: அதிகம் ஏமாற்றுவது இந்த அறிவுரைதான். நடந்தால் படத்தின் அளவு மட்டும் மாறுவதில்லை, படமே மாறிவிடும். வடம் பிடிப்பவரையும் பின்னால் வரும் தேரையும் சேர்த்து எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் நின்று 85 மி.மீ.யில் எடுத்தால் தேர் அவர் தலைக்கு மேல் மலைபோல் எழும். 35 மி.மீ.யோடு அவருக்கு அருகே போனால் முகம் பெருக்கும். தேர் பின்னால் பொம்மையாகிவிடும். எது முன், எது பின், எது பெரிது என்பதைத் தீர்மானிப்பது நிற்கும் தூரம். கிட்டே போனால் மூக்கு புடைத்துத் தெரிவதும் இதனால்தான். அகல லென்ஸின் மேல் பழி போடுவது நியாயமில்லை.

அதே தூரம் வேண்டுமென்றால் நின்ற இடத்திலேயே எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். அதற்கும் விலை உண்டு. 28 மி.மீ. லென்ஸ் கொண்ட லைக்கா க்யூ3இன் 60 மெகாபிக்சல், 50 மி.மீ. சட்டத்துக்கு வெட்டினால் சுமார் 19 ஆகும். 90க்கு வெட்டினால் 6கூடத் தேறாது.

நம்பிக்கை: லென்ஸைக் கழற்றுவதே இல்லை, தூசு புகாது.

உண்மை: அணைத்ததும் லென்ஸை உள்ளே இழுத்துக்கொள்ளும் கேமரா, காற்றையும் சேர்த்தே இழுக்கும். என் படங்களில் வானத்தில் ஒரே இடத்தில் கரும்புள்ளி விழத் தொடங்கியபோதுதான் இது எனக்கு உறைத்தது. மற்ற கேமராவில் லென்ஸைக் கழற்றி ஊதிவிடலாம். இதைப் பிரித்தே ஆகவேண்டும். பூஞ்சை பிடித்தாலும் லென்ஸ் மட்டும் அல்ல, கேமரா முழுவதும் பழுது பார்ப்பவரிடம் போகும்.

நம்பிக்கை: மேதைகள் எல்லோரும் இப்படித்தான் எடுத்தார்கள்.

உண்மை: தெருப் படங்கள் எடுத்த விவியன் மேயரின் ரோலைபிளெக்ஸ் கேமராவுக்கு இது பொருந்தும். அடிக்கடி மேற்கோளாகும் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோனின் லைக்காவுக்குப் பொருந்தாது. அதன் லென்ஸ் கழலும். பெரும்பாலும் 50 மி.மீ.யோடு நின்றது அவருடைய தேர்வு. உங்களிடம் உள்ள கேமராவில் ஒரே லென்ஸை மாட்டி ஓராண்டு கழற்றாமல் இருந்தாலும் அந்தப் பழக்கம் வரும். கேமராவைத் தூக்குவதற்கு முன்பே சட்டத்துக்குள் எது விழும் என்று கண் சொல்லிவிடும். நான் என் கேமராவை விடாமல் வைத்திருப்பது அதற்காகத்தான். வேடந்தாங்கலுக்குப் போகும்போது மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன். 35 மி.மீ.யில் அங்கே மரங்கள் தெரியும், கொக்குகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும்.